ஆறு அங்குலச் சூடு

நாரிஸ் ஓல்ட்ராய்ட் மனதில் பட்டதைப் பட்டென்று சொல்லிவிடுகிற மனிதர். இதையும் அவரேதான் சொல்வார். நாளைக்கு நாலு தடவையாவது சொல்வார். எங்கள் யார்க்‌ஷர் பக்கத்தில் இந்த வியாதி எல்லாருக்கும் கொஞ்சம் உண்டு. லண்டன்காரர்கள் மென்று முழுங்குகிறவர்கள், நாங்கள் வெட்டு ஒன்று துண்டு இரண்டு என்று பேசுகிறவர்கள் என்று எங்கள் ஊரில் தொட்டில் குழந்தைகூட மார்தட்டும். ஆனால் நாரிஸுக்கு வியாதி முற்றிப் போயிருந்தது. கேக் காய்ந்துவிட்டது என்று மணப்பெண்ணிடமே சொன்ன புண்ணியவான். சாவு வீட்டில் சவப்பெட்டியை விரலால் தட்டிப் பார்த்து, "இது அசல் ஓக் இல்ல, மேலாப்புல ஒட்டினது" என்று விதவையின் காதில் போட்டவர். இப்படிப்பட்ட ஆட்களிடம் ஒரு சௌகரியம் பாருங்கள்: அவர்கள் ஊருக்கெல்லாம் சொல்லலாம், அவர்களிடம் யாரும் எதுவும் சொல்ல முடியாது.

முப்பத்தோரு வருஷம் டியூஸ்பரிக்குப் பக்கத்தில் ஒரு பஸ் டெப்போவில் வேலை. முதலில் டிரைவர், பிறகு இன்ஸ்பெக்டர். பஸ் வந்து நின்றதும் கதவுப் பக்கம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்று, இறங்குகிற ஒவ்வொருவரிடமும் "படி பாத்து, கண்ணு" என்பார். கிழவி, குமரி, பாதிரியார், போலீஸ்காரர், எல்லாரும் அவருக்குக் கண்ணுதான். எங்கள் ஊரில் அப்படித்தான் கூப்பிடுவோம். ஒரு நாளைக்கு ஐந்நூறு தடவை சொன்ன வார்த்தை, ஓய்வு பெற்ற பிறகும் நாக்கை விட்டுப் போகவில்லை.

ஓய்வுக்கு இரண்டு வருஷம் இருக்கும்போது புது மாதிரி பஸ்கள் வந்தன. ஸ்டாப்பில் நின்றதும் உஸ்ஸென்று ஒரு பக்கமாகத் தாழ்ந்து கொடுக்கும். கால் முடியாதவர்கள் படி ஏறாமலே உள்ளே போய்விடலாம். டெப்போ கூட்டத்தில் நாரிஸ் எழுந்து நின்றார்.

"பஸ்ஸு முட்டி போடுறதா? எதுக்குங்கேன்? மனுசனுக்குக் காலு எதுக்கு இருக்கு? நாளைக்கு வீட்டுக்கே வந்து இடுப்புல தூக்கி வெச்சுக்கிட்டுப் போகச் சொல்வாங்க!"

கூட்டம் மேசையைத் தட்டி ஆரவாரம் செய்தது. தட்டியவர்களில் அவர் மனைவி பெரிலும் ஒருத்தி. அப்போது அவளுக்குக் கால் நன்றாகத்தான் இருந்தது.

பெரிலும் அதே டெப்போதான். பின்பக்கம் கதவே இல்லாத பழைய மாடி பஸ் ஓடிய காலத்தில் அவள் கண்டக்டர். பஸ் நிற்பதற்கு முன்பே குதித்து, ஆட்களை ஏற்றி, மணியை இரண்டு தட்டு தட்டி, பஸ் நகர்ந்த பிறகு ஓடிவந்து கம்பியைப் பிடித்துத் தொற்றிக்கொள்வாள். அதைப் பார்ப்பதற்காகவே ஸ்டாப்பில் நின்ற ஆண்பிள்ளைகள் உண்டு. நாரிஸ் அதில் ஒருவர். அப்படிப்பட்டவளுக்கு அறுபத்துநாலு வயதில் ஒரு நரம்பு வியாதி வந்து சேர்ந்தது. வலது பாதம் மேலே தூக்க வராமல் போயிற்று. கட்டைவிரல் தரையை உரசிக்கொண்டேதான் வரும். கம்பளத்தின் ஓரம் மடிந்திருந்தாலும் போதும், ஆள் கீழே கிடப்பாள். சக்கரம் வைத்த வாக்கர் ஒன்றை ஆஸ்பத்திரியில் கொடுத்தார்கள். அதைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்குள் உலாத்தினாள்.

உலாத்தினது கீழ்த்தளத்தில் மட்டும். படுக்கையறையும் கழிவறையும் மாடியில், இடையில் பதின்மூன்று படி. பெரில் படியில் உட்கார்ந்து, மேல்படிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, உட்கார்ந்தபடியே ஒவ்வொரு படியாக எம்பி எம்பி ஏறுவாள். ஏறி முடிக்க இருபது நிமிஷம் ஆகும். அந்த இருபது நிமிஷமும் யாரும் பார்க்கக் கூடாது. நாரிஸ் தோட்டத்துக்குப் போய்விட வேண்டும், இல்லாவிட்டால் டெலிவிஷனைப் பார்த்தபடி திரும்பாமல் உட்கார்ந்திருக்க வேண்டும்.

"திரும்பின, கொன்னுடுவேன்" என்பாள்.

ஆகஸ்டு மாதம் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பெண் வந்து வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, தேநீரை முழுவதும் குடித்துவிட்டு, விஷயத்துக்கு வந்தாள். "கிறிஸ்மஸுக்கு அப்புறம் மாடிப்படி வேணாம், மிஸஸ் ஓல்ட்ராய்ட். படுக்கையும் டாய்லெட்டும் கீழயே இருக்கணும். ஜனவரில வந்து பாப்பேன். அதுக்குள்ள முடியலன்னா, ஏதாவது ஒரு முதியோர் இல்லத்தப் பத்தித்தான் நாம பேச வேண்டியிருக்கும்."

அவள் போனதும் பெரில் காலிக் கோப்பைகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கினாள். டெப்போ சிநேகிதி ஒருத்தியை அப்படி ஒரு இல்லத்தில் போய்ப் பார்த்திருக்கிறாள்.

"வட்டமா உக்கார வெச்சு பலூன் அடிக்க விடுறாங்க, நாரிஸு. எனக்கு பலூன் வேணாம்."

"பலூனாவது கிலூனாவது! கார் ஷெட்டு எதுக்கு இருக்கு? அத ரூமா மாத்திப்புடறேன்."

சமையலறைக்குப் பக்கத்திலேயே ஒட்டினாற்போல் கார் ஷெட். கார் ஒன்றைத் தவிர உலகத்தில் உள்ள எல்லாச் சாமான்களும் அதில் இருந்தன. சமையலறைக் கதவைத் திறந்தால் ஒரு படி கீழே இறங்கி, கான்கிரீட் தரை. பெரில் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்.

"எனக்கு ஜன்னல் பெருசா வேணாம், பூப்போட்ட காகிதம் ஒட்ட வேணாம். வாசல்ல படி மட்டும் இருக்கக் கூடாது. சமையக்கட்டுத் தரையும் அந்தத் தரையும் ஒண்ணா இருக்கணும். வாக்கரத் தள்ளினா அப்படியே உள்ள போகணும். வேற எதுவும் கேக்கல."

தையல் டேப்பை எடுத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்து அவளே அளந்தாள். ஐந்தரை அங்குலம். பிங்கோ சீட்டின் பின்பக்கம் கொட்டை எழுத்தில் எழுதி, ஸ்கார்பரோ கடற்கரையில் வாங்கிய நண்டு வடிவக் காந்தத்தால் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டி வைத்தாள். கட்டட அனுமதி பார்க்கக் கவுன்சிலிலிருந்து வந்த ஆளும் கணக்குப் போட்டுப் பார்த்தார். சமன் செய்கிற கலவையும் மேல்விரிப்பும் சேர்ந்து அரை அங்குலம், குளிர் ஏறாமல் தடுக்கிற நுரைப் பலகை நாலு அங்குலம், அதன் மேல் மரத்தூள் பலகை ஒரு அங்குலம். கச்சிதமாக ஐந்தரை. ஆண்டவனே அளந்து வைத்தது போல் இருந்தது. நாரிஸ் மட்டும் குறுக்கே வராமல் இருந்திருந்தால் கதை இங்கேயே முடிந்திருக்கும்.

குறுக்கே வருவதற்கு ஒரு காரணம் வேண்டுமே, அதுதான் லயனல். பெரிலின் தம்பி. கார்ப்பெட் போடுகிற தொழிலில் நாற்பது வருஷம் முட்டி தேய்ந்தவர். மூன்று வருஷத்துக்கு முன்பே தன் கார் ஷெட்டை அறையாக்கி, அதில் பெரிய டெலிவிஷன் வைத்து உட்கார்ந்துகொண்டிருந்தார். போனவர்களிடமெல்லாம், "வெறுங்காலோட நின்னு பாரு, கீழ கான்கிரீட் இருக்கிறதே தெரியாது" என்பார். நாரிஸும் ஒரு தடவை நின்று பார்த்தார். வெதுவெதுப்பாக இருந்தது. அவர் வாழ்க்கையில் மனதில் பட்டதைச் சொல்லாமல் விட்ட நாள் அது ஒன்றுதான்.

"நான் வந்து போட்டுத் தரேன் நாரிஸு. ரெண்டே வாரம்" என்றார் லயனல்.

"எங்க வீட்டுத் தரையப் போட எனக்குத் தெரியும்."

"நீ ஒரு அலமாரி மாட்டினியே, அது..."

"அலமாரி வேற, தரை வேற!"

செப்டம்பரில் வேலை ஆரம்பித்தது. சும்மா சொல்லக் கூடாது, மனிதர் உழைத்தார். எண்ணெய்க் கறையை நாலு நாள் தேய்த்தார். பாலிதீன் துண்டைத் தரையில் ஒட்டி வைத்து, மறுநாள் உரித்து, அடியில் வேர்த்திருக்கிறதா என்று கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார். வேர்த்திருந்தது. கருப்புத் தார் மாதிரி ஒன்றைத் தரை முழுவதும் பூசினார். பாதியைத் தன் மேலும் பூசிக்கொண்டார். வாசல் பக்கம் சரிந்திருந்த தரையைக் கலவை ஊற்றிச் சமன் செய்து, ரசமட்டத்தை வைத்துக் குப்புறப் படுத்துப் பார்த்தார். அப்புறம் கனத்த பாலிதீனை விரித்து, சுவரோரமாக மேலே ஏற்றி மடித்தார். கார் நுழைகிற பெரிய வாய்க்குச் செங்கல் வைத்து, ஜன்னல் வைத்து அடைத்தாயிற்று. மூலையில் கழிவறையைக் குழாய்க்காரர் வந்து முடித்துக் கொடுத்தார்.

பிறகு நுரைப் பலகை வந்தது. மஞ்சள் நுரை, இரண்டு பக்கமும் வெள்ளித்தாள், நாலு அங்குலக் கனம். அதை அறுக்க வாங்கி வைத்த ரம்பம் சரியில்லை என்று பெரிலின் ரொட்டி அறுக்கும் கத்தியை எடுத்துக்கொண்டு போனார். ஒரு மாசம் அந்த வீட்டு ரொட்டியில் மஞ்சள் தூள் இருந்தது.

"பல்லுல நறநறங்குது" என்றாள் பெரில்.

"சூடு தாங்குற பொருள். வயித்துக்கு நல்லது."

நாலு அங்குலப் பலகையும் இண்டு இடுக்கு இல்லாமல் உட்கார்ந்துவிட்டது. இடுக்கில் நுரை அடித்து, மூட்டில் வெள்ளி டேப் ஒட்டி, அறை நெடுக நிலாக் காய்ந்தது போலப் பளபளத்தது. அந்த நேரம் பார்த்து லயனல் வந்தார். கால்சட்டைப் பையில் கையை விட்டுக்கொண்டு சுற்றிலும் பார்த்தார். குறை சொல்ல ஒன்றும் இல்லை. நல்ல மனசோடுதான் சொன்னார், பாவம்.

"நாலு அங்குலமா? சபாஷ்ப்பா. அச்சா என் வீட்டு மாதிரியே இருக்கு."

வந்தது வினை. மாதிரியே! நாரிஸுக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. முப்பத்தோரு வருஷம் டெப்போவில் இருந்து இன்ஸ்பெக்டராக ஓய்வு பெற்றவன் ஒரு கார்ப்பெட்காரன் மாதிரியே தரை போட்டான் என்று நாளைக்கு ஊர் சொல்லாதா? மறுநாள் காலை கடை திறக்கும்போதே போய் நின்றார். இரண்டு அங்குலப் பலகை ஒரு வண்டி நிறைய வந்து இறங்கியது.

பெரில் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்து, பலகைகள் ஒவ்வொன்றாகத் தன் மூக்குக்கு முன்னால் போவதைப் பார்த்தாள்.

"அதான் போட்டாச்சே. இது எதுக்கு?"

"அது மேல இது. மொத்தம் ஆறு அங்குலம்! இந்த ஜில்லாவுலயே எவன் வீட்டுலயும் இல்ல."

"கவுன்சில்காரரு நாலு போதும்னாரே."

"அது சட்டத்துக்கு. இது உனக்கு. உன் காலு ஜில்லிட்டுப் போகக் கூடாதுன்னு பாக்குறேன், நீ என்னடான்னா..."

"என் காலு ஜில்லிடுறது தெரியறதே இல்ல நாரிஸு. அந்தக் காலுக்குச் சூடும் தெரியாது, குளிரும் தெரியாது. தூக்கத்தான் முடியல." குளிர்பெட்டிக் கதவைக் கையால் காட்டினாள். "அங்க எழுதி வெச்சிருக்கேன் பாரு. அஞ்சரை. நீ போடுறது ஏழரையில்ல ஆகும்? வாசல்ல ஏறி நிக்குமே."

நாரிஸ் ஒரு பலகையைத் தோளில் வைத்தபடியே நின்றார்.

"ரெண்டு அங்குலம்! ரெண்டு அங்குலத்தப் போயிப் படின்னு எவன் சொல்லுவான்? நாங்க ஓட்டின பஸ்ஸுல முதல் படியே பதினாலு அங்குலம். அதுல ஏறாத கிழவி உண்டா?"

"நான் ஒருத்தி இப்ப ஏற மாட்டேன்."

அவர் காதில் விழவில்லை. ஷெட்டுக்குள்ளே ரேடியோவில் ரக்பி கத்திக்கொண்டிருந்தது. விழவில்லையா, விழுந்ததை எடுத்துக்கொள்ளவில்லையா என்று கேட்டால் எனக்கு இரண்டாவதுதான் தோன்றுகிறது.

மரத்தூள் பலகையை ஒன்றோடொன்று கோத்துப் பசை ஊற்றி இறுக்கினார். போத்தலில் சொன்ன அளவைப்போல் இரண்டு மடங்கு பசை. அந்தப் பசை காய்ந்தால் எமன் வந்தாலும் பிரிக்க முடியாது என்று தெருவில் போகிறவர்களை நிறுத்திச் சொன்னார். மேலே சாம்பல் நிற வினைல் விரிப்பு. கடைசியில், உள்பக்கமாகத் திறந்துகொண்டிருந்த கதவு தரையில் இடித்துத் திறக்க மறுத்தது. அப்போதாவது யோசித்திருக்கலாம். கதவைக் கழற்றிச் சமையலறைப் பக்கமாகத் திறக்கும்படி மாட்டிவிட்டார். முதல் தடவை திறந்தபோது அது குளிர்பெட்டியில் போய் மோதியது. நண்டுக் காந்தம் தெறித்து விழுந்தது, பிங்கோ சீட்டு அலமாரிக்கு அடியில் போயிற்று. ஒருவரும் எடுக்கவில்லை.

நவம்பர் கடைசி ஞாயிற்றுக்கிழமை அறை திறப்பு விழா. லயனலும் அவர் மனைவியும், பக்கத்து வீட்டு டோரீன் லம் தன் புருஷனோடு, டெப்போவின் பழைய கூட்டாளிகள் மூன்று பேர், ஆக ஏழு பேர். பன்றி இறைச்சி பொதிந்த பேஸ்ட்ரி, இஞ்சிக் கேக், இரண்டு கெட்டில் தேநீர். நாரிஸ் டை கட்டியிருந்தார். அதற்குக் கீழே வெறுங்கால்.

"எல்லாரும் ஷூவ கழட்டுங்க. சாக்ஸையும்."

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எங்கள் ஊரில் டாக்டரைத் தவிர வேறு யார் முன்னாலும் சாக்ஸ் கழற்றுகிற வழக்கம் இல்லை. டோரீன் லம்முக்குக் காலில் ஆணி. அதை அவள் புருஷனே பகல் வெளிச்சத்தில் பார்த்திருப்பானா என்பது சந்தேகம். ஆனாலும் கழற்றினார்கள். நாரிஸ் சொன்னால் மறுத்துப் பேச யாரால் முடியும்? சமையலறை முழுவதும் வெளுத்த கால்கள்.

நாரிஸ் அறைக்கு நடுவில் போய், கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "வாங்க!"

முதலில் டோரீன் வந்தாள். வாசலில் கட்டைவிரல் இடித்து, முன்னால் சாய்ந்து, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"அய்யோ, மன்னிச்சுக்கோ நாரிஸு. நாந்தான் கீழ பாக்காம வந்துட்டேன்."

அடுத்தது அவள் புருஷன். இடித்துக்கொண்டார். "என் தப்பு, என் தப்பு." டெப்போக்காரர் ஒருவருக்கு நகமே பெயர்ந்துவிட்டது. "சாரிப்பா" என்று வாசலைப் பார்த்துச் சொன்னார். ஏழு பேரில் ஆறு பேர் தடுக்கினார்கள், ஆறு பேரும் மன்னிப்புக் கேட்டார்கள். வெட்டு ஒன்று துண்டு இரண்டு என்று பேசுகிற எங்கள் ஜனம், கால் நகத்தைப் பிடித்துக்கொண்டு, "ரொம்ப நல்லா இருக்கு, ரொம்ப நல்லா இருக்கு" என்று வட்டமாக நின்றது. ஒருத்தர் வாயிலாவது உண்மை வர வேண்டுமே! எல்லார் வாயிலும் கொழுக்கட்டை.

"சூடு எப்படி?" என்றார் நாரிஸ்.

"அடேயப்பா! அடுப்பு மேல நிக்கிற மாதிரி இருக்கு" என்றாள் டோரீன்.

"ஆறு அங்குலம்! லயனல், உன் வீட்டுல எத்தன?"

"நாலு" என்றார் லயனல். அவர் தடுக்கவில்லை. நாற்பது வருஷம் தரையைப் பார்த்தே நடந்த மனிதர், வாசலிலேயே ஒரு கணம் நின்று குனிந்து பார்த்துவிட்டுத்தான் காலை வைத்தார். இப்போது அவர் அக்காவைத் தேடினார். பெரில் சமையலறையில், கதவுக்கு அந்தப் பக்கம், வாக்கரைப் பிடித்தபடி நின்றிருந்தாள். புது மேல்சட்டை போட்டிருந்தாள். தலையை அலங்காரம் செய்திருந்தாள்.

லயனல் வாயைத் திறந்தார். "நாரிஸு, அக்கா எப்படி..."

பெரில் தலையை ஆட்டினாள். வேண்டாம் என்று அர்த்தம்.

"பெரில்! அங்க என்ன நின்னுக்கிட்டு? வா, வா. உன் ரூமு இது" என்று நாரிஸ் கையை நீட்டினார். பெருமையில் முகம் சிவந்திருந்தது. அந்த நிமிஷத்தில் அவர் மனதில் கள்ளம் எதுவும் இல்லை. அதுவும் சொல்ல வேண்டும். மனைவிக்கு நல்லது செய்துவிட்டோம் என்றே நிஜமாக நம்பினார்.

பெரில் வாக்கரைத் தள்ளினாள். முன்சக்கரம் வாசலில் போய் முட்டியது. டக். பின்னால் இழுத்து மறுபடி தள்ளினாள். டக். மூன்றாவது தடவை வாக்கரை எம்பித் தூக்கப் பார்த்தாள். வலது கால் கூட வராமல் பின்தங்கியது, உடம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

நாரிஸின் வாய் தானாகத் திறந்தது. அத்தனை வருஷப் பழக்கம், அதற்கு மூளையின் உத்தரவு தேவையில்லை.

"படி பாத்து, கண்ணு."

சொன்னது அவர் காதிலேயே விழுந்தது. கையை நீட்டியபடியே நின்றுவிட்டார். இஞ்சிக் கேக்கை மென்றுகொண்டிருந்த டெப்போக்காரர் மெல்வதை நிறுத்தினார்.

பெரில் வாக்கரை நேராக்கி நிமிர்ந்தாள்.

"ரெண்டு அங்குலத்தப் போயிப் படின்னு எவன் சொல்லுவான்னு கேட்டியே நாரிஸு. நீதான் சொல்ற."

வாக்கரைத் திருப்பிக்கொண்டு, சமையலறையைத் தாண்டி, கூடத்தின் வழியாக மாடிப்படிக்கு முன்னால் போய் நின்றாள். எல்லாரும் வெறுங்காலோடு பின்னாலேயே வந்தார்கள். என்ன செய்கிறாள் என்று தெரியாமல் வந்தார்கள். அவள் திரும்பி, அவர்களைப் பார்த்தபடி, கைப்பிடியைப் பிடித்து முதல் படியில் உட்கார்ந்தாள்.

நாரிஸுக்குப் புரிந்துவிட்டது. சுவர்ப் பக்கம் திரும்பப் போனார்.

"திரும்பாத" என்றாள் பெரில். "எல்லாரும் பாருங்க."

இரண்டு கையையும் பின்னால் ஊன்றி, எம்பி, இரண்டாவது படியில் உட்கார்ந்தாள். வலது காலைக் கையால் தூக்கி ஒரு படி மேலே வைத்தாள். மறுபடி எம்பினாள். மூன்று. நாலு. புது மேல்சட்டை இடுப்பில் மேலேறிக்கொண்டது; அதைச் சரி செய்ய அவளுக்குக் கை ஒழியவில்லை. ஏழாவது படியில் மூச்சு வாங்கியது, கொஞ்சம் நின்றாள். ஒருவரும் நகரவில்லை. டோரீன் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பதின்மூன்றாவது படி வந்ததும் பெரில் கைப்பிடிக் கம்பியை விரல் மோதிரத்தால் இரண்டு தட்டு தட்டினாள்.

"மேல எடம் இருக்கு!" என்று பழைய கண்டக்டர் குரலில் கூப்பிட்டாள். "யாராச்சும் வரீங்களா?"

படுக்கையறைக் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

வந்தவர்கள் சாக்ஸைத் தேடி எடுத்துக்கொண்டு கலைந்தார்கள். நாரிஸ் கூடத்தில் அப்படியே நின்றார். அவருக்கு உறைத்தது எது தெரியுமா? உள்ளங்கால் இன்னும் சூடாகவே இருந்தது. அத்தனை நல்ல தரை. அவமானத்தில் அந்தச் சூட்டைத் தாங்க முடியாமல் ஓடு பதித்த தெருவாசல் பக்கம் போய், குளிர்ந்த தரையில் காலை வைத்துக்கொண்டார்.

லயனல் போகவில்லை. வெளியே போய், தன் காரிலிருந்து கடப்பாரையும் ரம்பமும் எடுத்துக்கொண்டு வந்து நின்றார்.

"பசை எத்தன போட்ட?"

"ரெண்டு மடங்கு" என்றார் நாரிஸ்.

"தெரியும். நீ அப்படித்தான் போட்டிருப்ப."

எமன் வந்தாலும் பிரிக்க முடியாத பசை சொன்ன சொல் தவறவில்லை. மரத்தூள் பலகை ஒன்றுகூட முழுதாக வரவில்லை. பிய்த்து, உடைத்து, சில்லுச் சில்லாகத்தான் எடுத்தார்கள். இரண்டு பேருக்கும் வயது அறுபதுக்கு மேல். பதினொரு நாள் குனிந்தே கிடந்தார்கள். லயனல் ஒரு வார்த்தை குத்திக் காட்டவில்லை, அதுதான் நாரிஸுக்குப் பெரிய தண்டனையாக இருந்தது. ஐந்தாம் நாள் தேநீர் குடிக்கும்போது பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டார்.

"ஏழு பேரு வந்தீங்க. ஆறு பேரு கால இடிச்சுக்கிட்டீங்க. ஒருத்தராவது எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

லயனல் கோப்பையிலிருந்து முகத்தை எடுத்தார்.

"உங்கிட்டயா?" என்றார். மறுபடி குடிக்க ஆரம்பித்தார்.

கழற்றின இரண்டு அங்குலப் பலகைகளை டோரீன் லம் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள். அவள் வளர்க்கிற ஆமை குளிர்காலம் முழுவதும் பெட்டிக்குள் தூங்குகிற ஜாதி. அந்தப் பெட்டியைச் சுற்றிலும் பலகை வைத்துக் கட்டினாள். அந்த வருஷம் யார்க்‌ஷரிலேயே சூடான படுக்கை அந்த ஆமைக்குத்தான் வாய்த்தது.

புது மரத்தூள் பலகை வந்தது. இந்த முறை அளந்தது நாரிஸ் இல்லை. அவர் அலமாரிக்கு அடியில் குனிந்து, துடைப்பத்தால் பிங்கோ சீட்டைத் தள்ளி எடுத்து, தூசி தட்டி, நண்டுக் காந்தத்தைத் தேடிப் பிடித்து மறுபடி மாட்டினார். ஒவ்வொரு வரிசை முடிந்ததும் பெரிலைக் கூப்பிட்டு தையல் டேப்பைக் கையில் கொடுத்தார். அவள் நாற்காலியை வாசலருகே இழுத்துப் போட்டுக்கொண்டு அளந்து, "ம்" என்றால்தான் அடுத்த வரிசை. ஒரு மூலையில் "ஊஹும்" என்றாள். நாரிஸ் முணுமுணுக்காமல் பெயர்த்துப் போட்டார். டெப்போக்காரர்கள் இதைக் கேட்டு நம்பவே இல்லை.

டிசம்பர் இருபத்துமூன்று மத்தியானம் கட்டில் வந்தது. திறப்பு விழா எதுவும் இல்லை. லயனல் மட்டும் சுவரில் சாய்ந்து நின்றார். பெரில் வாக்கரைத் தள்ளிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். நாரிஸ் பழையபடி கதவோரம், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். அவர் உதடு அசைவதைப் பார்த்து அவளும் நின்றாள்.

"என்ன? ஒண்ணும் சொல்லலியா?"

"சொல்றதுக்கு இங்க ஒண்ணுமில்ல கண்ணு" என்றார் நாரிஸ்.

சக்கரம் சத்தமில்லாமல் உள்ளே போயிற்று. பின்னால் வலது பாதமும் உரசிக்கொண்டே, எதிலும் தட்டாமல் போயிற்று. பெரில் அறையை ஒரு சுற்று சுற்றினாள். இன்னொரு சுற்றும் சுற்றினாள். கட்டிலில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றி, நல்ல காலைத் தரையில் வைத்து அழுத்திப் பார்த்தாள். அப்புறம் தம்பியை ஒரு பார்வை, புருஷனை ஒரு பார்வை.

"லயனல் வீட்டுத் தரை இதவிடச் சூடு" என்றாள்.

நாரிஸின் கழுத்து நரம்பு புடைத்தது, முகம் சிவந்தது, வாய் திறந்தது. பழைய இன்ஸ்பெக்டர் மொத்தமும் தொண்டை வரைக்கும் வந்து நின்றார்.

"இருக்கட்டும்" என்றார் நாரிஸ். தேநீருக்குக் கெட்டிலை அடுப்பில் வைக்கப் போனார்.